கத்தி படாத முடி

காலையில் கடையைத் திறந்ததும், ஊதுபத்தி கொளுத்துவதற்கும் முன்னால், செந்தமிழ்ச்செல்வி தன் தலையை வாருவாள். அகலப் பல் சீப்பு. மேலிருந்து கீழே நாலு இழுப்பு, அவ்வளவுதான். பிறகு சீப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பல்லிடுக்கில் சிக்கியிருக்கும் முடியை ஒவ்வொன்றாக உருவுவாள். உருவியதை இடது கை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்று சுற்றி, மோதிரம் கழற்றுவதுபோலக் கழற்றி, நுனியை நடுவில் செருகுவாள். கறுப்பும் வெளுப்பும் கலந்த அந்தச் சின்னச் சுருளைச் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற விரல் அகலச் சந்தில், நேற்றையச் சுருளுக்குப் பக்கத்தில் தள்ளிவிடுவாள்.

ஏமப்பேரில் அவள் குடியிருக்கும் ஒற்றை அறையிலேயே தலைவாரிக்கொண்டு வரலாம். அங்கே கண்ணாடி உள்ளங்கை அளவுதான் என்பாள். உண்மையில் அந்த அறையில் அவளுக்கு எதையும் நிதானமாகச் செய்யப் பிடிப்பதில்லை. இருக்கிற நேரமெல்லாம் கிளம்புகிற அவசரம்.

பெண்களுக்கு முடி திருத்துகிற அவள் கடை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கழுவுதொட்டி, ஒரு மின்விசிறி. பதினோரு வருஷமாக அவள் ஒருத்தியே முதலாளி, ஒருத்தியே ஆள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். உளுந்தூர்பேட்டையில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டான். பிள்ளை இல்லை. சண்டைகூடப் போடாமல் முடிந்துபோன கல்யாணம் அது.

கள்ளக்குறிச்சி மாவட்டமான பிறகு ஆபீஸ்களும் வந்தன, ஆபீஸுக்குப் போகும் பெண்களும் வந்தார்கள். முடியை நேராக்கச் சொல்லிக் கேட்டார்கள். செல்வி நேராக்கினாள். ஆறு மாதம் கழித்து அதே பெண்கள் தேங்காய் நார் மாதிரியான தலையோடு வந்து, "அக்கா, ஏதாவது பண்ணுக்கா" என்று நின்றார்கள். அப்போதும் ஏதாவது செய்தாள். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தலையைத் தொடுகிற கை அவளுடையது. அவள் தலையை யாராவது தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவள் கணக்குப் பார்த்ததில்லை.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை, உச்சி வெயிலில், தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயதிருக்கும். கரியாலூர்ப் பக்கம், மலை மேலிருந்து காலை பஸ்ஸில் இறங்கியவள். பேர் சின்னப்பொண்ணு. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"கத்திரி வெக்காம பாப்பியாக்கா? மொதல்ல அத்த சொல்லு."

"துண்ட எடு. பாத்துட்டு சொல்றேன்."

துண்டு விலகியதும் தீய்ந்த வாசனை வந்தது. பத்து நாள் ஆகியும் போகாத வாசனை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. பாதிக்கு மேல் கறுப்பாக, கனமாக இருந்தது. அதற்குக் கீழே செம்பட்டையாகி, பொரிந்து, முனைக்கு முனை வெள்ளைப் புள்ளி வைத்திருந்தது. செல்வி ஒரு இழையை எடுத்து லேசாக இழுத்தாள். சத்தமில்லாமல் இரண்டானது.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?"

நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எல்லாப் பெண்களும் முடியை நேராக்கிக்கொண்டார்களாம். போனில் பார்த்ததுதான். பலகை மேல் தலையைச் சாய்த்து, முடியைப் பரப்பி, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே இழுப்பில் முடிந்தது. சின்னப்பொண்ணு முடி நீளம், அடர்த்தி. அதனால் நாலு தடவை.

"துணின்னா கூட தண்ணி தெளிச்சி தேப்பாங்கடி" என்றாள் செல்வி. "இத்த பாதிக்கு வெட்டிட்டன்னா நாலு மாசத்துல சும்மா ஜம்முனு வந்துடும்."

சின்னப்பொண்ணு துண்டை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டாள்.

"வெட்றதுன்னா நான் எதுக்குக்கா இம்மாந் தூரம் வரேன்? வூட்லயே அருவாமணை இருக்குது."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். மகன் ஆகாஷ் பத்து மாதக் குழந்தையாக இருக்கும்போது ஜன்னி வந்து கண் சொருகிவிட்டது. அவள் புருஷன் சடையன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓட, பின்னால் ஓடியவள் கோயில் திருப்பத்தில் நின்று, ஊர் அம்மனுக்கு முடியை நேர்ந்துகொண்டாள். பிள்ளைக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கிற ஆடியில், தலைமுடி மொத்தத்தையும் தருகிறேன், அதுவரைக்கும் நுனியில்கூட இரும்பு படாது என்று. தானாக உதிர்ந்தது, ஒடிந்தது பரவாயில்லை, சேர்த்து வைத்துக் கொடுத்துவிடலாம். வெட்டினால் குறை. ஆகாஷுக்கு இந்த ஆடியோடு எட்டு நடக்கிறது.

"இஸ்திரிப் பெட்டி மட்டும் இன்னா, தங்கமா? அதுவும் இரும்புதான?"

செல்வி சும்மாதான் கேட்டாள். சின்னப்பொண்ணு முகம் சுருங்கிவிட்டது.

"அது சூடு பட்டது. வெட்டல இல்ல?" பிறகு மெதுவாக, "அந்தப் பயம்தான்க்கா எனக்கு. சோறு எறங்கல. பையனுக்கு லேசா மேலு சுட்டாலே அம்மன் பேர சொல்லி கும்புட்டுக்கினு கெடக்கறேன்" என்றாள்.

கையிலிருந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமல் காட்டினாள். பத்து நாளாக ஒடிந்து விழுந்த முடியெல்லாம் அதில் இருந்ததாம். பாயில், தலையணையில், வாசலில், தேடித் தேடிப் பொறுக்கியது.

செல்வி கத்திரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "ஒண்ணு நெனப்புல வெச்சிக்க. கருகுன முடிக்கு திரும்ப உசுரு வராது. நான் மந்திரம் போட மாட்டேன். இருக்கிறத ஒடியாம ஆடி வரைக்கும் கொண்டாந்து சேக்கலாம். அத்த செய்யலாம். வியாழக்கிழம கூட்டம் கம்மி. வாராவாரம் வா."

இப்படித்தான் வியாழக்கிழமைகள் தொடங்கின.

முதல் வாரம் சீப்பே வைக்கவில்லை. வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, கருகின பகுதி முழுக்கப் பூசி, ஊறவைத்து, கீழ் நுனியிலிருந்து மேலே மேலே விரலாலேயே சிக்கு எடுத்தாள். ஒரு சிக்கு விட அரை மணி நேரம். இரண்டாம் வாரம் ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடித்த கொழகொழப்பு. மூன்றாம் வாரம் தயிரும் கற்றாழையும். இடையில் மலையில் செய்யவேண்டியதை எல்லாம் பாடம் மாதிரிச் சொல்லி அனுப்பினாள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தலைக்கு ஊற்றாதே. வெந்நீர் கூடாது. துண்டைப் போட்டு முறுக்காதே, பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடு. தலையணைமேல் வழவழப்பான லைனிங் துணியை விரி. விறகு தூக்கும்போது சும்மாட்டுக்கு அடியில் பட்டுத்துணி வை. அடுப்பு ஊதும்போது முடியை முன்னால் தொங்கவிடாதே.

"ராணி மாரி இருக்க சொல்ற" என்று சிரித்தாள் சின்னப்பொண்ணு. "எங்கூட்டுக்காரரு கேக்குறாரு, முடிக்கு நீயா, உனக்கு முடியான்னு."

நாலாவது வாரம் செல்விக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடையில் அலசியதும் முடி விறைத்துக்கொள்கிறது. மலைக்குப் போய் அலசிவிட்டு வந்தால் அடங்கியிருக்கிறது. டவுன் போர் தண்ணீர். பக்கெட்டின் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை படிகிற தண்ணீர். பதினோரு வருஷமாக எத்தனை தலைகளை அதில் அலசியிருப்பாள், ஒருதடவைகூட இது தோன்றியதில்லை. சொன்னதும் அடுத்த வியாழக்கிழமை சின்னப்பொண்ணு இரண்டு கேன் நிறைய ஓடைத் தண்ணீரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

கீழே ஜெராக்ஸ் கடை சிவசங்கர் விடுவானா? "இன்னாக்கா, மலையில இருந்து கேன் கேனா வந்துக்கினு இருக்குது. மினரல் வாட்டர் ஏஜென்சி எடுத்துட்டியா? எனக்கும் ஒரு கேன் போடு."

"உன் தலைக்கு ஒரு டம்ளரு போதும்டா" என்றாள் செல்வி. அவனுக்கு முன் வழுக்கை.

மிஞ்சிய ஓடைத் தண்ணீரில் அன்றைக்கு அவள் தன் தலையை அலசினாள். தொட்டியில் குனிந்து தானே ஊற்றிக்கொள்ளப் போனவளிடமிருந்து சொம்பை வாங்கி சின்னப்பொண்ணு ஊற்றினாள். காதோரம் ஒட்டியிருந்த நுரையைக் கட்டைவிரலால் வழித்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. செல்வி நிமிர்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லி நெடுநேரம் அப்படியே நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமை சாயங்காலமே மாடியைப் பெருக்கித் துடைக்க ஆரம்பித்தாள். தலைக்குத் தேய்க்கிற அரிசிக் கஞ்சியை முன்னாலேயே வடித்துப் புளிக்க வைத்தாள். சின்னப்பொண்ணு வெறுங்கையோடு வருவதில்லை. தினை, மரவள்ளிக் கிழங்கு, ஒருதடவை ஒரு பை கடுக்காய். வந்து உட்கார்ந்ததும் பேச்சு. ஆகாஷ் வாத்தியாரையே கேள்வி கேட்ட கதை, சடையன் தேன் எடுக்கப் போய்க் கண் வீங்கி வந்த கதை. செல்விக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கேட்டுக்கொண்டே கையை ஓட்டுவாள்.

ஒருநாள் சின்னப்பொண்ணு கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இது யாரு முடிக்கா?"

"என்துதான்."

"நேந்துக்கினு இருக்கியா?"

"எங்கம்மா எச்சி துப்பி தெருவுல போடும். நான் போட்றதில்ல. காத்துல பறந்து எவன் சோத்துலயாவது வுழும்."

"அதுக்கு இம்மாஞ் சேத்து வெப்பாங்களா? நேந்துக்கினா கோயிலுக்காவது ஆவும்."

"யாருக்காக நேந்துக்கிறது?" என்றாள் செல்வி. கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சி ஆறிவிட்டதா என்று கேட்கிற குரல்தான்.

வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. முடி ஒடிவது குறைந்தது. கருகின பகுதி செம்பட்டையாகவே இருந்தாலும் பின்னலில் நின்றது. சின்னப்பொண்ணு தெம்பாகிவிட்டாள். "பொழச்சிக்கினேன்க்கா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். செல்விக்கும் சந்தோஷம்தான். கூடவே, ஆடிக்கு இன்னும் எத்தனை வியாழன் இருக்கிறது என்று நாள்காட்டியைத் திருப்பியபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆடிக்குப் பிறகு இவள் மொட்டைத் தலையோடு எதற்கு இங்கே வரப்போகிறாள்?

ஆனி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை அது நடந்தது.

காலையில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முடி வெட்டிவிட்ட சின்னக் கத்திரிக்கோல், மறதியாக மேலங்கிப் பையிலேயே இருந்தது. சின்னப்பொண்ணு கண்ணை மூடி அரைத்தூக்கத்தில் பேசிக்கொண்டிருந்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம். செல்வி பின்னலை அவிழ்த்து நுனியை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். பிளந்த நுனி ஒன்று சுள்ளிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷப் பழக்கம். மனசைக் கேட்காமல் கை பைக்குள் போனது, வெளியே வந்தது. சின்னச் சத்தம்.

உள்ளங்கையில் ஏழெட்டு இழை. சுண்டுவிரல் நகத்தின் அளவு.

சின்னப்பொண்ணு ஆகாஷின் புதுச் செருப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். செல்வி கையை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பின்னல் போட வழக்கத்தைவிட அதிக நேரமாயிற்று. மலை பஸ் போன பிறகு, அந்தத் துணுக்கை ஒரு பழைய குங்கும டப்பாவில் போட்டு மூடினாள்.

யாருக்கும் தெரியாது. சின்னப்பொண்ணால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க, எங்கேயோ ஒரு பிள்ளைக்கு மேலு சுடுகிற மாதிரியே இருந்தது. வெள்ளி, சனி என்று போனில் சடையன் நம்பரை எடுப்பாள். ஆகாஷ் நல்லா இருக்கானா என்று கேட்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்றால்?

ஒரே ஒரு வழி தோன்றியது. மஞ்சள் துணி முடிச்சு. ஒடிந்து விழுந்ததோடு இதுவும் போய்விட்டால் முழுசாக அம்மனுக்குச் சேர்ந்துவிடும்.

அடுத்த வியாழக்கிழமை சின்னப்பொண்ணு, மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த கடைத் துண்டை எடுத்துவரப் போனாள். பை நாற்காலியில் இருந்தது. செல்வி அவசரமாக அதிலிருந்த மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே முடி குப்பையாகக் கிடக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. ஒவ்வொரு நாள் ஒடிந்ததும் தனித்தனியாக, ஒரு திசையில் அடுக்கி, மஞ்சள் நூலால் கட்டியிருந்தது. முதலில் இருந்த கட்டுகள் பருமன். வர வர மெலிந்து, கடைசிக் கட்டுகளில் நாலு இழை, மூன்று இழை. நுனியெல்லாம் பொரிந்த நுனி. வெட்டின நுனி எதுவும் இல்லை.

அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னப்பொண்ணு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா பாக்குற?"

செல்வி குங்கும டப்பாவை நீட்டினாள். "தப்பு பண்ணிட்டேன். கை பழக்கத்துல வெட்டிட்டேன்."

"கத்திரியாலயா?"

"ம்."

"எப்ப?"

"போன வாரம்."

சின்னப்பொண்ணு டப்பாவைத் திறந்து பார்த்தாள். உள்ளேயிருந்த துணுக்கைத் தொடாமல் மூடி, பையில் போட்டுக்கொண்டாள். "போன வாரமே சொல்லி இருக்கலாமில்ல" என்றாள். அந்தப் பேச்சில் 'அக்கா' இல்லை.

செல்வி டீ வாங்கிவருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கினாள். இரண்டு டம்ளரோடு திரும்பியபோது சின்னப்பொண்ணு பின்னலைத் தானே போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றாள்.

டீ மேல் ஆடை படிந்து, அது சுருங்கி ஓரமாக ஒதுங்குகிறவரை செல்வி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தலைவாரி, சுருள் கட்டி, கண்ணாடிக்குப் பின்னால் தள்ளினாள். சுருள் சந்தில் நிற்காமல் தரையில் போய் விழுந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுகூட இல்லை. இத்தனை மாதமாகச் சேர்ந்திருந்த முடி முழுக்கப் போய்விட்டிருந்தது.

நடந்ததையெல்லாம் அவள் பூக்காரி செல்லியம்மாளிடம் சொல்லியிருக்கக் கூடாது. தினமும் படியடியில் கூடை வைத்து உட்காருகிறவள் என்பதால் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"மலைக்காரி முடிய எட்த்துக்கினு பூட்டாளா?" என்று கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள் செல்லியம்மாள். "நீ அவ முடிய வெட்டன, அவ உன் முடிய எட்த்தா. இன்னும் இன்னா வேணும்? போயி ஒரு தாயத்து கட்டிக்கினு வா."

"அப்பிடியாப்பட்டவ இல்ல அது."

"எல்லாம் அப்பிடித்தான் சொல்லும். அப்பறம் தல வலிக்குதும்ப."

தலை வலிக்கத்தான் செய்தது. முன்னாலும் வலித்திருக்கிறது, அப்போதெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டு மறந்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு வலிக்கும் மலைப் பக்கம் பார்த்தாள். தாயத்து கட்டவில்லை. கட்டினால் சின்னப்பொண்ணை அப்படி நினைத்தது உண்மையாகிவிடும். கட்டாமல் இருந்தாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து வந்த வியாழக்கிழமை கஞ்சி வடித்து வைத்தாள். சின்னப்பொண்ணு வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் வைத்தாள். மூன்றாவது வாரம் சடையன் நம்பருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆடிப் பதினெட்டும் போயிற்று. கேன் ஒன்றில் அடியில் கொஞ்சம் ஓடைத் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஊற்றவும் மனமில்லை, உபயோகிக்கவும் மனமில்லை. பாசி பிடித்த பிறகு கொட்டினாள்.

ஆவணியிலிருந்து செல்வி வியாழக்கிழமைகளில் கடை திறப்பதை நிறுத்திவிட்டாள். கூட்டம் கம்மி என்று காரணம் சொன்னாள். அன்றைக்கு என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. ஏமப்பேர் அறையில் வெளிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடை பார்த்து உட்கார்ந்திருப்பாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். மற்ற நாட்களில் தலை வாரினாள். சுருள் கட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சடையன் கடுக்காய் மூட்டையோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினான். மாடிக்கு ஏறி, பூட்டைப் பார்த்துவிட்டு, கீழே சிவசங்கரிடம் ஒரு கேன் ஓடைத் தண்ணீரை வைத்துச் சேதி சொல்லிவிட்டுப் போனான். சின்னப்பொண்ணு ஆடி முடிந்த கையோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறாள், வர மாசி ஆகும். அவள் கடைசியாக வந்துபோன மறுநாளே ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டிய பிறகு எல்லை தாண்டக் கூடாது. ஆகாஷ் நன்றாக இருக்கிறான். கத்திரி பட்ட துணுக்கை அவள் மறைக்காமல் பூசாரியிடம் காட்டினாள். குறை வந்த முடிக்கு ஈடு வைக்கவேண்டும், அதையும் கூடப் பிறந்தவர்கள் முடியால்தான் வைக்கவேண்டும் என்பது அந்தக் கோயில் முறை. சின்னப்பொண்ணு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கறுப்பும் வெளுப்பும் கலந்த சுருள்கள். யாருது என்று பூசாரி கேட்டதற்கு, "எங்கக்காளுது" என்று சொன்னாளாம்.